சித்திரச் செல்வி அமிருதா ஷெர்கில்

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு மலை ஒரு புதுமையன்று. விடியற்காலையில் அது செந்நிறம் பூண்டு நிற்பதும், நண்பகலில் வெளிறித் தோன்றுவதும், மாலையில் நீலநிறங்கொண்டு இருளிற் கரைவதும் நாள்தோறும் நிகழ்வன. ஆயினும், அம்மலைக்கு நிறம் யாது என்று ஒருவர் வினவின், பச்சை என்றோ பழுப்பு என்றோ தயங்காது விடை பகர்ந்துவிடுகின்றோம். நாம் கண்டதைச் சொல்லுகின்றோமா, அன்றி முன்னரே மனத்திற்கொண்ட ஒன்றைச் சொல்லுகின்றோமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வினா எமக்கு எம்மூரில் உதிக்கவில்லை. பன்னூறு காதங்கட்கு அப்பால், பாரிசு நகரத்தில் ஒரு சித்திரசாலையில் நின்றபோதுதான் உதித்தது.

சில ஆண்டுகட்கு முன் ஐரோப்பிய யாத்திரை செய்யும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. அந்நகரில் சேன் ஆற்றங்கரையில் ஓர்சே என்னும் பெயருடைய மாளிகை ஒன்றுண்டு. 1900-ஆம் ஆண்டில் புகைவண்டி நிலையமாகக் கட்டப்பெற்ற அது, 1986-ஆம் ஆண்டு முதல் சித்திரசாலையாக விளங்கி வருகின்றது. இம்பிரெஷனிஸ்ட்டுகள் என்று வழங்கப்பெறும் பிரெஞ்சு ஓவியர்களின் படங்கள் அங்கே வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் மோனே என்பவர் ரூவான் நகரத்துத் தேவாலயத்தின் முகப்பைப் பல பொழுதுகளில் எழுதிய படங்கள் சில இருந்தன. கல் ஒன்றே, கோபுரம் ஒன்றே, ஆனால் ஒரு படத்தில் அது நீலம், மற்றொன்றில் பொன்னிறம், வேறொன்றில் சாம்பல் நிறம். அவற்றின்முன் நெடுநேரம் நின்றோம். எம்மலையை யாம் ஒருநாளேனும் செவ்வையாகப் பார்த்ததில்லை என்னும் நாணம் அப்பொழுது எம்மைப் பற்றிக்கொண்டது.

அந்நாணத்தோடு கூடவே மற்றொருவருடைய நினைவும் எழுந்தது. எம்மைப்போலவே இந்தியாவிலிருந்து அந்நகரம் சென்று, அத்தகைய சித்திரங்களின் முன் நின்று, தம் நாட்டைப் பார்க்கும் கண்ணை அங்கே பெற்றுத் திரும்பிய ஓர் இளநங்கை அவர். யாம் சில நாட்கள் பார்த்து வியந்து மீண்டோம். அவரோ ஐந்தாண்டுகள் கற்று, மீண்டு வந்து, இந்தியச் சித்திரக்கலையின் போக்கையே மாற்றிவிட்டார். அவரே அமிருதா ஷெர்கில் அம்மையார். அவருடைய வரலாற்றை நம் கல்லூரி மாணாக்கர் அறிந்திருத்தல் நலமென்று கருதி இதனை எழுதலாயினோம்.

அமிருதா 1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ஆம் தேதி ஹங்கேரி நாட்டுத் தலைநகராகிய புதாபெஸ்து நகரில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங் ஷெர்கில் பஞ்சாப் தேசத்து மஜீதியா என்னும் பிரபுக் குடும்பத்தினர். வடமொழியிலும் பாரசீகத்திலும் ஆழ்ந்த புலமையுடையவர். புகைப்படம் எடுப்பதில் பெருவிருப்பங் கொண்டவர். அவர் எடுத்த குடும்பப் படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. தாயார் மரி அந்துவானெத் ஹங்கேரி நாட்டினர். இசையிற் சிறந்த பயிற்சி பெற்றவர். 1914-ஆம் ஆண்டில் இந்திரா என்னும் தங்கை பிறந்தாள். அவ்வாண்டே ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டமையால், அக்குடும்பம் யுத்தகாலம் முழுவதும் ஹங்கேரியிலேயே தங்க நேரிட்டது. 1921-ஆம் ஆண்டில்தான் அவர்கள் இந்தியா வந்து சிம்லா மலையிற் குடியேறினார்கள்.

ஆகவே, தம் எட்டாம் வயதிலேதான் அமிருதா தந்தையின் நாட்டை முதன்முதலாகக் கண்டார். தாய்நாடு ஒன்று, தந்தைநாடு மற்றொன்று. பேசும் மொழிகளும் பல. இத்தகைய பிறப்புடையார்க்கு எந்நாடு சொந்தநாடு என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அவருடைய வாழ்க்கை முழுவதையும் அவ்வினாவிற்கு அவர் தேடிய விடையாகவே கொள்ளலாம்.

சித்திரம் எழுதும் ஆற்றல் அவரிடம் இளமையிலேயே காணப்பட்டது. 1924-ஆம் ஆண்டில் தாயார் அவரை இத்தாலி தேசத்துப் பிளாரென்சு நகரிலுள்ள ஒரு பள்ளியிற் சேர்த்தார். அப்பள்ளியின் கட்டுப்பாடு அச்சிறுமிக்கு ஒவ்வவில்லை; அவ்வாண்டிற்குள்ளாகவே சிம்லாவிற்குத் திரும்பிவிட்டார்கள். பின்னர், தாய்மாமனாகிய எர்வின் பக்தாய் இந்தியா வந்தார். அவர் இந்தியக் கலைகளை ஆராய்ந்த அறிஞர். ஓவியப் பயிற்சியும் உடையவர். மருமகளின் திறமையைக் கண்டு, உயிருள்ள மனிதரை எதிரில் இருத்தி அவர்களைப் பார்த்து எழுதவேண்டும் என்று பழக்கினார். அவளை ஐரோப்பாவிற்கு அனுப்பிக் கற்பிக்கவேண்டும் என்றும் பெற்றோரை வற்புறுத்தினார். அதன் பயனாக 1929-ஆம் ஆண்டில், பதினாறாம் வயதில், அமிருதா குடும்பத்தாருடன் பாரிசு நகரம் சேர்ந்தார்.

அந்நாளையப் பாரிசு எத்தகையது என்பதைச் சிறிது விளக்காவிடின் இவ்வரலாறு முற்றுப்பெறாது.

1874-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அரசாங்க ஆதரவு பெற்ற பெருங்காட்சியில் இடம் கிடைக்காமல் மனம் வெதும்பிய ஓவியர் சிலர், நாதார் என்னும் புகைப்படக்காரர் முன்னர்த் தொழில் நடத்திய கூடத்திலே தாங்களாகவே ஒரு காட்சி நடத்தினார்கள். அதில் மோனே வைத்த படங்களுள் ஒன்று, லெ ஆவர் துறைமுகத்தில் பனிமூட்டத்தினூடே கதிரவன் எழும் காட்சி. அதற்கு அவர் இட்ட பெயரில் இம்பிரெஷன் என்னும் சொல் இருந்தது. கண்ணிற் கணநேரம் பதிந்த தோற்றம் என்பது அதன் பொருள். பத்திரிகை எழுத்தாளர் ஒருவர் அச்சொல்லையே பற்றிக்கொண்டு அவர்கள் எல்லோரையும் எள்ளி நகையாடினார். ஏளனமாக இட்ட அப்பெயரே நிலைத்துவிட்டது. 1886-ஆம் ஆண்டு வரையில் அவர்கள் எட்டுக் காட்சிகள் நடத்தினார்கள்.

அவர்கள் செய்த புதுமைதான் யாது? அதற்குமுன் ஓவியர் பெரும்பாலும் கூடத்துள் இருந்தே எழுதினர். நிழல் என்றாற் கருமை அல்லது பழுப்பு என்பது அவர்கள் கொள்கை. இவர்களோ ஈயக் குழாயில் அடைத்த வண்ணங்களை எடுத்துக்கொண்டு வயல்வெளிக்கும் ஆற்றங்கரைக்கும் சென்றார்கள். நிழலிலும் நிறமுண்டு என்று கண்டார்கள். நண்பகலில் வெண்மணலின்மீது விழும் கோபுர நிழலை நம் மாணாக்கர் உற்றுநோக்குவாராயின், அது கறுப்பன்று, ஒருவகை நீலமே என்பதைத் தாமே காண்பர். வண்ணங்களைத் தட்டிற் குழைத்து மழுக்காமல், சிறுசிறு தீற்றல்களாக அருகருகே வைத்து, பார்ப்பவன் கண்ணிலே அவை கலக்குமாறு செய்தார்கள். இராஜாக்களையும் தேவதைகளையும் விடுத்து, துணி வெளுப்பவளையும் படகோட்டியையும் புகைவண்டி நிலையத்தையும் எழுதினார்கள். நாம் நாள்தோறும் காணும் எளிய பொருளும் சித்திரத்திற்கு உரியதே என்று அவர்கள் நிலைநாட்டியது, வண்ண நுட்பத்தினும் பெரிய காரியம் என்பது எம் கருத்து.

அக்கூட்டத்தோடு தொடக்கத்தில் சேர்ந்திருந்து பின்னர்த் தனிவழி சென்றவர் இருவரை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். ஒருவர் செசான். ஒளி கணத்திற்குக் கணம் மாறுவது. அதன் அடியிலுள்ள உருவமோ நிலைத்தது என்று கருதி, அந்நிலைத்த உருவத்தை அவர் தேடினார். தம் சொந்த ஊராகிய ஏக்ஸ் நகரத்தருகே நிற்கும் சேந்த் விக்துவார் என்னும் ஒரே மலையைப் பல்லாண்டுகள் மீண்டும் மீண்டும் எழுதினார். மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இச்செய்தி இனிதாயிருக்கும். மற்றொருவர் கோகன். அவர் 1891-ஆம் ஆண்டில் தஹித்தி என்னும் தென்கடல் தீவிற்குச் சென்று, அங்குள்ள மாநிற மாந்தரைப் பரந்த வண்ணப்பரப்புக்களாலும் அழுத்தமான புறக்கோடுகளாலும் எழுதினார்.

அமிருதா பாரிசு சேர்ந்தபோது இவர்களுள் ஏறக்குறைய அனைவரும் மறைந்துவிட்டனர். ஒருகாலத்தில் நகைத்தவர்களே அவர்களைப் போற்றும் நாளும் வந்துவிட்டது. மோனே இறுதிக்காலத்தில் எழுதிய ஆம்பற் பொய்கைப் பெருஞ்சித்திரங்கள் ஒராஞ்செரி மாளிகையில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது 1927-ஆம் ஆண்டிலேதான்.

முதலில் அமிருதா கிராந்த் சோமியேர் என்னும் கலைக்கூடத்திலும், பின்னர் எக்கோல் தெ போசார் என்னும் புகழ்பெற்ற அரசாங்கக் கலாசாலையில் லூசியன் சிமோன் என்னும் ஆசிரியரிடத்தும் பயின்றார். மூன்றாண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட வண்ணப்படங்களை எழுதினார் என்பர். தங்கை இந்திராவும் பிரெஞ்சுத் தோழி ஒருத்தியும் அமர்ந்திருக்கும் தோற்றத்தை இளம்பெண்கள் என்னும் பெயரால் 1932-ஆம் ஆண்டில் எழுதினார். அப்படம் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. 1933-ஆம் ஆண்டில் பாரிசுப் பெருங்காட்சிச் சபையார் அவரைத் தம் அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டனர். இருபது வயதே நிரம்பிய, ஆசியக் கண்டத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இச்சிறப்புக் கிடைத்தது அந்நாளில் அரிது.

அந்நகரிலேயே தங்கியிருப்பின் அவருக்கு யாதொரு குறையும் நேர்ந்திராது. ஆயினும் அவர் உள்ளம் அமைதியுறவில்லை. சித்திரசாலைகள்தோறும் சென்று செசானையும் கோகனையும் ஆழ்ந்து நோக்குந்தோறும், அவருக்குத் தம் தந்தைநாட்டின் நினைவு மேலெழுந்தது. புறத்தோற்றத்தை அப்படியே பெயர்த்தெழுதுவது சித்திரத்தின் முடிவன்று, உருவங்களைச் சுருக்கித் திரட்டி எழுதுவதில் ஒரு பேராற்றல் உண்டு என்று அந்நவீன ஓவியர் கற்பித்த பாடமே, இந்தியப் பழஞ்சித்திரங்களையும் சிற்பங்களையும் மதிக்க அவருக்கு வழிகாட்டியது. கீழைநாட்டுக் கலைப்பொருள்கள் வைக்கப்பட்டுள்ள கிமே என்னும் பாரிசுப் பொருட்காட்சிசாலையிலுள்ள ஒரு சிறு சிற்பமோ, அஜந்தாவின் ஒரு சுவர்ச்சித்திரமோ, ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்துக் கலை முழுவதினும் மேலானது என்னும் கருத்துப்பட 1934-ஆம் ஆண்டில் தம் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். இது இளமை வேகத்தில் எழுந்த மிகைக்கூற்றே என்று நாம் கொள்ளலாம். ஆயினும் அதன் உட்பொருள் பொய்யன்று. பிறர் வீட்டு விளக்கொளியிலே தம் வீட்டுப் பொருளை அவர் அடையாளங் கண்டுகொண்டார். ஆசிரியர் ஒருவரும், அவருடைய வண்ணச் செறிவிற்கு மேலைநாட்டு மங்கிய ஒளி பொருந்தாது, கீழைநாட்டு வெயிலே ஏற்றது என்று கருதினாராம்.

1934-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இந்தியா திரும்பினார். கம்பளி போர்த்து நிற்கும் ஏழை மலைவாழ் ஆண்களும் பெண்களும், மெலிந்த குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் தாயும் அவர் சித்திரங்களிற் புகுந்தனர். பிரயாணிகளைக் கவர்வதற்காக எழுதப்படும் ஒளிமிகுந்த இந்தியா அங்கே இல்லை. பேசாத கண்களும் தளர்ந்த தோள்களுமே இருந்தன. 1935-ஆம் ஆண்டில் சிம்லாவில் நடைபெற்ற கலைக்காட்சிக்கு அவர் பத்துப் படங்கள் அனுப்பினார். ஐந்து திருப்பி அனுப்பப்பட்டன. ஏற்கப்பட்டவற்றுள் ஒன்றிற்கு அளிக்கப்பட்ட பரிசையும் அவர் வேண்டாவென்று மறுத்துவிட்டார். எனினும், அவ்வாண்டு எழுதிய மூன்று பெண்கள் என்னும் படத்திற்கு 1937-ஆம் ஆண்டில் பம்பாய்க் கலைச்சங்கத்தார் பொற்பதக்கம் வழங்கினர்.

1936-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தென்னாட்டு யாத்திரை தொடங்கினார். இதுவே அவர் கலைவாழ்வின் திருப்பமாகும். பம்பாயில் கார்ல் கண்டாலவாலா என்னும் கலையறிஞரின் நட்பைப் பெற்றார். அஜந்தா குகைகளையும் எல்லோராச் சிற்பங்களையும் கண்டு பேருவகை எய்தினார். ஐதராபாத்தில் சாலார் ஜங் நவாபு அவருடைய படங்களுட் சிலவற்றைத் தம்மிடம் வைத்திருந்து, பின்னர் வாங்காமலே திருப்பிவிட்டார். மைசூர் மன்னரோ அவருடைய படங்களை விடுத்து இரவிவர்மாவின் படங்களையே தேர்ந்தார். பாரிசு ஏற்றுக்கொண்ட கைத்திறனை இந்தியச் செல்வர் ஏற்கவில்லை. அதனால் அவர் மனம் நொந்திருப்பினும் வழிமாறினாரல்லர்.

திருவனந்தபுரத்திற்கும், அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததும் 1956-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தைச் சேர்ந்ததுமாகிய கன்னியாகுமரிக்கும் அவர் சென்றார். கன்னியாகுமரியிற் பழம் விற்போரைச் சித்திரமாக எழுதினார். கொச்சியைச் சார்ந்த மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவர்ச்சித்திரங்களைக் கண்டு, அவற்றைப் பார்த்துப் பயிற்சிக்காக வரைந்துகொண்டார். தென்னாட்டு மக்களின் கருமேனியும், அவர்கள் உடுத்தும் வெள்ளாடையும், செம்மண்ணும் அவர் கண்ணை ஆட்கொண்டன. சிம்லா திரும்பியபின், 1937-ஆம் ஆண்டில், மணமகளின் அலங்காரம், பிரமசாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னாட்டுக் கிராமத்தார் என்னும் மூன்று பெருஞ்சித்திரங்களை எழுதினார். அவை தென்னிந்திய முச்சித்திரம் என்று இன்று ஒருசேர வழங்கப்படுகின்றன.

இவற்றுள் பிரமசாரிகள் என்னும் படத்தைப் புதுதில்லித் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் யாம் கண்டிருக்கின்றோம். மேலாடையின்றி வெள்ளை வேட்டி மட்டும் உடுத்த இளைஞர் ஐவர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் நம்மை நயந்து அழைக்கவில்லை. அவர்கள் மேனியின் நிறங்கள் ஒன்றற்கொன்று வேறுபட்டு, செந்நிறப் பின்புலத்தில் அடங்கி ஒளிர்கின்றன. எம்மூர்ப் பெரியகோயில் மண்டபத் தூணடியில் நண்பகலில் இளைப்பாறும் இளைஞரை யாம் எத்தனையோ முறை கண்டதுண்டு. கார்த்திகைத் தீபத்திற்குக் கிராமங்களிலிருந்து மூட்டையும் குழந்தையுமாக நடந்துவந்து, தேரடியில் நிழல் தேடி அமரும் குடும்பங்களையும் கண்டதுண்டு. அவர்கள் சித்திரத்திற்கு உரியவர்கள் என்று ஒருநாளும் எமக்குத் தோன்றியதில்லை. அமிருதா எம்மூருக்கு வந்தவர் என்று சொல்ல எமக்குச் சான்று இல்லை. ஆயினும் அப்படத்தின்முன் நின்றபோது, எம்மூரைப் பிறர் ஒருவர் எமக்கு அறிமுகஞ் செய்துவைப்பதுபோல் இருந்தது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாரிசில் கற்றவராயினும், அவர் மோனேயைப்போலச் சிறு தீற்றல்களால் நம் நாட்டு வெயிலை எழுதவில்லை. மூடுபனியும் மேகமும் உலவும் வடபிரான்சில் ஒளி கணந்தோறும் மாறி நடமிடுகின்றது. அங்கே அம்முறை பொருந்தும். நம் நாட்டிலோ உச்சிவெயில் எல்லாவற்றையும் ஒரே பரப்பாகத் தட்டையாக்கி, நிறங்களைக் கட்டியாகக் காட்டுகின்றது. ஆதலின் அவர் பரந்த வண்ணங்களையும் திரண்ட உருவங்களையும் கையாண்டார். கற்ற பாடத்தின் எழுத்தை விட்டுப் பொருளைக் கைக்கொண்டார் என்னலாம். பிரெஞ்சு ஓவியர் தம் ஊரின் ஒளியைத் தம் கண்ணாற் கண்டு எழுதினர். அவரும் தம் நாட்டின் ஒளியைத் தம் கண்ணாற் கண்டு எழுதினார். இதுவே உண்மையான மாணாக்கர் இலக்கணம்.

1937-ஆம் ஆண்டு நவம்பரில் லாகூர் நகரில் அவர் படங்கள் தனிக்காட்சியாக வைக்கப்பட்டுப் பாராட்டுப் பெற்றன. 1938-ஆம் ஆண்டில் ஹங்கேரி சென்று, உறவினரும் மருத்துவருமாகிய விக்தர் ஏகன் என்பவரை மணந்தார். மறு ஆண்டில் இருவரும் இந்தியா வந்து, கோரக்பூரைச் சார்ந்த சராயா என்னும் ஊரில், குடும்பத்தாரின் கரும்பாலைப் பண்ணையில் வாழ்ந்தனர். அங்கே மொகலாய, பஹாரிச் சிறுசித்திரங்களின் சாயல் அவர் கலையிற் கலந்தது. மஞ்சள் அரைக்கும் பெண்கள், ஊஞ்சல், கயிற்றுக் கட்டிலிற் சாய்ந்திருக்கும் பெண், யானைகள், ஒட்டகங்கள் என்றிவ்வாறு நாட்டுப்புற வாழ்வின் எளிய காட்சிகளை எழுதினார். வீட்டிற்குள் அடைபட்ட பெண்களின் சோர்வையும் ஏக்கத்தையும் அவரைப்போல் அறிந்து எழுதியவர் அதற்குமுன் நம் நாட்டில் அரியர்.

1941-ஆம் ஆண்டு செப்டம்பரில் கணவருடன் லாகூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மற்றொரு காட்சிக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அது தொடங்குவதற்குச் சின்னாட்கட்கு முன் திடீரென நோய்வாய்ப்பட்டு, டிசம்பர் மாதம் 5-ஆம் தேதி இரவு உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு. அவரில்லாமலே அக்காட்சி அம்மாதத்தில் நடைபெற்றது.

அவரிடம் குறைகள் இலவோ எனின், உள. தம்மினும் மூத்த ஓவியரைக் கடுஞ்சொல்லாற் குறை கூறினார். வங்காளத்து ஓவியர் குழுவினர் இந்தியப் பழங்கலையை மீட்க முயன்ற முயற்சியை அவர் போதிய அளவு மதித்தாரில்லை. அவர்கள் முன்னர்த் திருத்திவைத்த நிலத்திலேயே தாமும் விதைத்தார் என்பதை அவர் உணர்ந்திருக்கலாம். மேலும், செல்வக் குடியிற் பிறந்த அவர், வறியவரை எழுதினாரேயன்றி அவர்களோடு வாழ்ந்தாரல்லர் என்று கூறுவாரும் உண்டு. இக்கூற்றை நாம் முற்றும் மறுத்தற்கில்லை. ஆயினும், ஏழையை இரக்கப்பொருளாகவும் வேடிக்கைப்பொருளாகவும் காட்டாமல், மாட்சிமை குன்றாத மனிதராகக் காட்டிய பெருமை அவருக்கு உரியது.

உயிரோடிருந்தபோது விலைபோகாத அவர் சித்திரங்களை அவர் குடும்பத்தார் தேசத்திற்கு அளித்தனர். 1954-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவை பெருந்தொகுதியாக இருக்கின்றன. 1976-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் அவருடைய படைப்புக்களைத் தேசியக் கலைச்செல்வம் என்று அறிவித்தனர். கதை சொல்பவர் என்னும் அவருடைய 1937-ஆம் ஆண்டுச் சித்திரம் 2023-ஆம் ஆண்டில் 61 கோடியே 80 இலட்சம் ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அன்று திருப்பி அனுப்பியவர்களும் இல்லை. பெற்றிருக்க வேண்டியவரும் இல்லை. கலையின் மதிப்பைப் பணத்தால் அளத்தல் முறையன்றெனினும், காலம் எத்துணை மெதுவாகக் கண் திறக்கின்றது என்பதற்கு இஃது ஒரு சான்று.

மாணவ நண்பர்களே, நம்மிடையே இருவகையினர் உளர். மேலைநாட்டுக் கல்வி நம்மை நம்மவரினின்று பிரித்துவிடும் என்று அஞ்சி அதனை வெறுப்போர் ஒருவகையினர். அதனைக் கற்றபின் தம் ஊரும் மொழியும் கோயிலும் கழனியும் இழிந்தனவென்று எண்ணுவோர் மற்றொருவகையினர். பிறநாட்டார் நிறுவிய கல்லூரிகளில், பிறநாட்டு மொழியின் வாயிலாகக் கல்வி கற்ற நம்போன்றோர்க்கு இவ்வினா வெறும் வினாவன்று. வீட்டிலும் ஊரிலும் நாம் நாள்தோறும் விடையிறுக்கவேண்டிய ஒன்று. அமிருதா அம்மையார் இவ்விரு வகையிலும் சேராதவர். பிறர் கலையை அஞ்சாது முழுமையாகக் கற்றார். கற்றதனாலேயே தம் நாட்டை நேசித்தார். பாரிசு சென்றிராவிடின் அவர் அஜந்தாவைக் கண்டிருப்பினும் உணர்ந்திருப்பாரோ என்பது ஐயமே. பாரிசிலேயே இருந்திருப்பின், நல்ல மாணாக்கருள் ஒருவராக மட்டும் மறைந்திருப்பார்.

பாரிசிலிருந்து திரும்பிய மறுநாள் விடியற்காலை, யாம் எழுந்து வீட்டு மெத்தையிற் சென்று மலையை நோக்கி அமர்ந்தோம். முதலில் அது கருநீலமாக இருந்தது, பின் ஊதாவாயிற்று, கதிரவன் எழுந்தபோது சிகரத்தின் பாறைகள் செம்பொன்னாகி, அடிவாரம் இன்னும் நீலமாகவே இருந்தது. கீழே தெருவில், தலையிற் கீரைக்கூடை சுமந்து மூன்று பெண்கள் சந்தைக்கு விரைந்துகொண்டிருந்தார்கள். ஐம்பது ஆண்டுகளாக அவ்வூரிலேயே வாழ்ந்தும் அக்காட்சியை யாம் அன்றுதான் கண்டோம். அதனைக் காட்டித் தந்தவர் நெடுங்காலத்திற்கு முன் லாகூரில் இளமையிலேயே மறைந்த அவ்வம்மையார் என்பதை நன்றியோடு நினைந்து, இச்சிறு வரலாற்றை நம் மாணாக்கர் கையில் ஒப்புவிக்கின்றோம்.